அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி என்ன படம் போடலாம்?

எட்டயபுரத்துக்காரன்:

எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்குப் புரொஜெக்டர் ஒன்று வந்திருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவன் வாங்கி அனுப்பினான். வந்ததிலிருந்து அதில் கிரிக்கெட்தான் ஓடுகிறது. நவம்பர் 26 அரசியலமைப்பு நாள் வருவதால், அந்த மாதத்துச் சனிக்கிழமை மாலைகளை மட்டுமாவது கிரிக்கெட்டிடமிருந்து பிடுங்கிப் படம் போடலாம் என்று நினைக்கிறேன்.

நான் சமூக அறிவியல் வாத்தியார். அரசியலமைப்பு நாள் எங்கள் பக்கம் எப்படி நடக்கும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் முகவுரையை வாசிப்பார், மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள், 'இறையாண்மை' வரும் இடத்தில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளைகளைக் கேட்டால் 2 ஆண்டு, 11 மாதம், 18 நாள், 395 உறுப்புகள், 8 அட்டவணைகள் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். உங்கள் அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் இதில் எது உதவும் என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவே இல்லையே.

வரப்போகிறவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரையுள்ள பிள்ளைகள், கூட வரும் அம்மாக்கள், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து எட்டிப் பார்க்கும் சிலர். சப்டைட்டில் படித்துப் பழக்கமில்லாதவர்களே அதிகம். கொடி பறந்து, பின்னணி இசை பொங்கி, கடைசியில் எல்லோரும் எழுந்து நிற்கும் வகைப் படம் வேண்டாம். அம்பேத்கர் படம் ஒன்று தமிழில் உண்டு என்கிறார்கள். பத்துப் பகுதி இந்தித் தொடர் ஒன்றும் இருக்கிறதாம். 'ஜெய் பீம்' எல்லோரும் பார்த்ததுதான். எதில் தொடங்கலாம்? வேறு நாட்டுக் கதைகளும் இருந்தால் சொல்லுங்கள்.

கொட்டகைக்காரர்:

சார், நீங்கள் சொல்லும் இந்தித் தொடர் 'சம்விதான்'. 2014-இல் ராஜ்யசபா டிவிக்காக ஷியாம் பெனகல் எடுத்தது. அந்தக் காலத்தில் தூர்தர்ஷனில் 'பாரத் ஏக் கோஜ்' பண்ணினாரே, அதே பெனகல். அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ஆம் தேதி கூடியதிலிருந்து சட்டம் கையெழுத்தானது வரை வரிசையாகப் போகும். நடுநடுவே ஸ்வரா பாஸ்கர் வந்து இன்றைய ஆளாக நின்று விளக்குவார். அம்பேத்கராக சச்சின் கெடேகர். 'தெய்வத்திருமகள்' படத்தில் அமலா பாலுக்கு அப்பாவாக வந்தவர்தான் என்று சொன்னால் உங்கள் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது.

ஆனால் பத்துப் பகுதியையும் போட்டால் மூன்றாவது வாரம் நீங்களும் புரொஜெக்டரும் மட்டும்தான் இருப்பீர்கள். பெரும்பகுதி ஒரு மண்டபத்துக்குள் நடக்கிறது. ஒருவர் எழுந்து பேசுவார், உட்காருவார், அடுத்தவர் எழுவார். பேச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும். எனக்கு அது பிடிக்கும். பேச்சே சண்டைக்காட்சியாக மாறும் இடங்கள் அதில் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது பிடிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். மொழிப் பிரச்சினை வரும் பகுதியிலிருந்து இருபது நிமிடம் மட்டும் எடுத்துப் போடுங்கள். 1949 செப்டம்பரில் சபையே இரண்டாகப் பிளந்து நின்ற விவாதம் அது. கடைசியில் சபை உறுப்பினர்கள் முன்ஷியும் கோபாலசுவாமி அய்யங்காரும் சேர்ந்து ஒரு சமரசம் கொண்டுவந்து, ஆங்கிலம் பதினைந்து ஆண்டு தொடரட்டும் என்று முடித்தார்கள். பதினைந்து ஆண்டு முடிந்த 1965-இல் தமிழ்நாட்டில் என்ன ஆனது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களே எழுந்து சொல்லிவிடுவார்கள். படத்தை நிறுத்திவிட்டு அவர்களைப் பேச விடுங்கள்.

தொடரைப் போடும் முன் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேச்சைச் சொல்லிவிடுவது நல்லது. வரைவுக் குழுவில் ஏழு பேர். அதில் ஒருவர் ராஜினாமா, ஒருவர் இறந்துபோனார், ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவருக்குச் சமஸ்தான வேலை, ஓரிருவர் உடம்பு முடியாமல் டெல்லிப் பக்கமே வரவில்லை, ஆகச் சுமை முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று 1948 நவம்பர் 5-ஆம் தேதி சபையிலேயே எழுந்து சொன்னார். சென்னையிலிருந்து போன உறுப்பினர் வாயால் வந்த சாட்சியம் இது. 'அவர் ஒருவரா எழுதினார்' என்று யாராவது கிளம்பினால் இதை எடுத்து நீட்டலாம்.

அம்பேத்கர் படம் ஜப்பார் பட்டேல் இயக்கியது, மம்மூட்டி நடித்தது. தேசிய விருதெல்லாம் வாங்கியும் தமிழ் டப்பிங் 2010-இல்தான் தியேட்டருக்கு வந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம். தீண்டாமைக்கு எதிராக மகத் குளத்தில் தண்ணீர் அள்ளும் காட்சியும் பூனா ஒப்பந்தமும் நன்றாக வந்திருக்கின்றன. அரசியலமைப்புச் சட்டம் கடைசிப் பகுதியில் வந்து சட்டென்று முடிந்துவிடும். அம்பேத்கரை அறிமுகப்படுத்த அருமையான படம். சட்டத்தை அறிமுகப்படுத்த இது மட்டும் போதாது.

கறுப்பு அங்கி:

வணக்கம் சார். நான் தென்மாவட்டத்தில் கீழ்க்கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் வக்கீல். இலவச சட்ட உதவிக் கேஸ்களும் எடுக்கிறேன். கொட்டகைக்காரர் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் உங்கள் கூட்டத்துக்குச் சட்டம் எழுதப்பட்ட கதையை முதல் வாரமே காட்டவேண்டாம் என்பது என் கருத்து. ஒரே ஒரு உரிமையைப் பிடித்துக்கொண்டு அது எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். நான் தேர்ந்தெடுப்பது ஆட்கொணர்வு மனு. கோர்ட்டில் நாங்கள் ஹெச்.சி.பி. என்போம். 'ஆளை எங்கே வைத்திருக்கிறாய், கொண்டுவந்து நிறுத்து' என்று அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்கும் மனு. ஹைகோர்ட்டுக்கு அந்த அதிகாரத்தை 226-ஆவது பிரிவு தருகிறது. சுப்ரீம் கோர்ட்டுக்கு 32. இந்த 32-ஐத்தான் சட்டத்தின் இதயமும் ஆன்மாவும் என்று அம்பேத்கர் சபையில் சொன்னார்.

எல்லோரும் பார்த்ததுதானே என்று 'ஜெய் பீம்' படத்தைத் தள்ளிவிடாதீர்கள். எல்லோரும் பார்த்தார்கள், அழுதார்கள், சூர்யாவுக்குக் கைதட்டினார்கள். கோர்ட் காட்சிகளில் என்ன நடக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்தார்கள்? பிடித்துக்கொண்டு போன மூன்று பேரைப் பற்றிப் போலீஸ் சொல்கிறது: 'மூன்று பேரும் தப்பித்துப் போய்விட்டார்கள், எங்களிடம் இல்லை.' சாதாரணமாக அங்கேயே மனு முடிந்துவிடும். ஹெச்.சி.பி.யில் இரண்டு தரப்பும் அஃபிடவிட், அதாவது சத்தியம் செய்த எழுத்து வாக்குமூலம், போடும், அதை வைத்து முடிவு எடுப்பார்கள். போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை பண்ணுவது வழக்கத்தில் இல்லை. சூர்யா நடித்த வக்கீல் சந்துரு அங்கேதான் மடக்குகிறார். கேரளாவின் ராஜன் வழக்கைக் காட்டி, அங்கே சாட்சிகளை விசாரித்திருக்கிறார்கள், இங்கேயும் விசாரிக்க வேண்டும் என்கிறார். படத்தின் திருப்பமே அந்த இடம்தான். கண் சிமிட்டினால் தவறிப்போகும். படத்தை நிறுத்தி, யார் அந்த ராஜன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

ராஜன் கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜ் மாணவன். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச்சில், போலீஸ் பிடித்துக் கக்கயம் முகாமுக்குக் கொண்டுபோனது. திரும்பி வரவில்லை. அப்பா ஈச்சர வாரியர் ஒரு பேராசிரியர். அலையாத இடமில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகமுடியாது. ஏன் என்றால் அந்த ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதிதான் ஜபல்பூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: நெருக்கடி நிலை இருக்கும்வரை ஆட்கொணர்வு மனு செல்லாது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அப்படிச் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாட்டேன் என்று தனியாக எழுதினார். விசாரணையின்போது அவர் அட்டர்னி ஜெனரலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒரு ஆளைக் கொன்றுபோட்டால்கூட வழி இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. கன்னாவுக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி 1977 ஜனவரியில் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவருக்குப் போனது. அவர் ராஜினாமா செய்துவிட்டார்.

1977 மார்ச்சில் நெருக்கடி நிலை நீங்கியதும் ஈச்சர வாரியர் கேரள ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். 'ராஜனை நாங்கள் பிடிக்கவே இல்லை' என்று அரசு அஃபிடவிட் போட்டது. கோர்ட் சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்தது. பிடித்தது உண்மை, ஆளைக் கொண்டுவா என்றது. கொண்டுவர ஆள் இல்லை. அந்த விவகாரத்தில் முதல்வராக இருந்த கருணாகரன் ஏப்ரலில் பதவி விலகினார். உடம்புகூடக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இரண்டாவது படம், ஷாஜி என். கருண் எடுத்த 'பிறவி'. மலையாளம், 1980-களின் கடைசி. கேன்ஸில் பாராட்டு வாங்கியது. ராஜனின் பெயர் அதில் வராது. ஒரு கிழவர் படகில் ஆற்றைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வருகிறார், மகன் இறங்கவில்லை, திரும்பிப் போகிறார், மறுநாள் மறுபடி வருகிறார். மழை விட்டபாடில்லை. பிரேம்ஜி என்ற நடிகர், முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மெதுவான படம்தான். ஆனால் 'ஜெய் பீம்' ஓடிய அடுத்த வாரம் போட்டால், அந்தக் கிழவர் ஏன் கோர்ட்டுக்குப் போகாமல் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்பது உங்கள் பிள்ளைகளுக்குப் பிடிபடும். 'ஜெய் பீம்' படத்தில் கணவனைத் தேடி மனுப் போட்ட செங்கேணிக்கு இருந்த கதவு அவருக்குப் பூட்டிக் கிடந்தது. ஜனதா ஆட்சியில் 44-ஆவது திருத்தம் வந்து, எந்த நெருக்கடி நிலையிலும் 20-ஆம் பிரிவையும், உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவையும் தொடக்கூடாது என்று ஆக்கினார்கள். ஜபல்பூர் தீர்ப்பைச் சுப்ரீம் கோர்ட் தவறு என்று சொல்லித் தூக்கியது 2017-இல், அந்தரங்க உரிமை வழக்கில்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் வெற்றிமாறனின் 'விசாரணை'யைப் போடலாம். குண்டூரில் வேலைக்குப் போன தமிழ்ப் பையன்களைச் செய்யாத திருட்டுக்குப் பிடித்து அடிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது ஒரு வேலை கொடுங்கள்: கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தவேண்டும் என்கிறது பிரிவு 22. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது பிரிவு 20. இந்த இரண்டும் படத்தில் எங்கெங்கே உடைகின்றன என்று குறித்துக்கொண்டே வரட்டும். பேப்பர் பத்தாது.

இந்தப் படங்கள் எதிலும் நான் பார்க்காத ஒரு காட்சி உண்டு, எனக்கு அது அன்றாடம். ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்க, ஆளைக் கொண்டுவருவார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து நிற்பான். மாஜிஸ்ட்ரேட் பேப்பரைப் பார்த்துக்கொண்டே 'போலீஸ் அடிச்சாங்களா?' என்பார். அவன் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கமாட்டான். பக்கத்தில் நிற்கும் ஏட்டய்யாவைத் திரும்பிப் பார்ப்பான். அப்புறம் 'இல்லீங்க' என்பான். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிரிவு 22 முழுசும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. நல்ல மாஜிஸ்ட்ரேட் என்றால் போலீஸைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி கேட்பார். அப்போது பதில் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வழிப்போக்கன்:

வக்கீல் அக்கா, எல்லாம் சரி. ஆனால் நீங்கள் சொன்னது எல்லாமே போலீஸ் அடிக்கிற படம். நான்கு சனிக்கிழமையும் அடி உதையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனால், அரசியலமைப்புச் சட்டம் என்பது லாக்கப்பில் கத்தும்போது ஞாபகம் வருகிற சாமான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஓட்டுப் போடுவது இல்லையா?

யோகி பாபுவின் 'மண்டேலா' போடுங்கள் சார். சரியான பேரே இல்லாமல் 'இளிச்சவாயன்' என்று கூப்பிடப்பட்ட முடிதிருத்துகிறவர், போஸ்ட் ஆபீஸில் கணக்குத் தொடங்கப் போன இடத்தில் ஒரு பெயர் கிடைத்து, அப்புறம் வாக்காளர் அட்டையும் கிடைத்து, ஊரில் இரண்டு கட்சியும் சமமாக நிற்க இவர் ஓட்டு ஒன்றுதான் பாக்கி என்று ஆனதும் ஊரே காலில் விழுகிறது. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். 326-ஆவது பிரிவு, வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு. சொத்து, படிப்பு பார்த்துக் கொஞ்சம் பேருக்கு மட்டும் ஓட்டுக் கொடுத்துவந்த நாட்டில், கைநாட்டு வைக்கிறவருக்கும் ஒரே மதிப்பு என்று ஒரே அடியில் கொடுத்தார்கள். அதைவிடப் பெரிய துணிச்சல் அந்தப் புத்தகத்தில் வேறு எது?

இந்தியில் 'நியூட்டன்' இதே விஷயம், 2017. சத்தீஸ்கர் காட்டில் 76 வாக்காளர்களுக்காக ஒரு வாக்குச்சாவடி. விதிப்படிதான் நடத்துவேன் என்று அடம்பிடிக்கும் ஒரு தேர்தல் அதிகாரி. ஆனால் அந்த 76 பேருக்கும் வேட்பாளர் யார் என்றே தெரியாது. அங்கே வயிற்றைப் பிசையும்.

கறுப்பு அங்கி:

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. 'மண்டேலா' முதல் வாரம் வரட்டும். கூட்டம் சேரும்.

எட்டயபுரத்துக்காரன்:

ரொம்ப நன்றி. மேடம், அந்த ரிமாண்ட் காட்சியை வகுப்பில் பிள்ளைகளை வைத்து நடித்தே காட்டலாம் என்று தோன்றுகிறது. 'ஆர்டிகிள் 15' என்ற இந்திப் படம் பற்றி யாரும் சொல்லவில்லையே? தமிழில் 'நெஞ்சுக்கு நீதி' என்று வந்தது. தலைப்பிலேயே பிரிவு இருப்பதால் எங்கள் தலைமையாசிரியர் அதைத்தான் போடச் சொல்கிறார்.

கறுப்பு அங்கி:

வேண்டுமென்றேதான் விட்டேன் சார். நல்ல நோக்கத்தோடு எடுத்த படம், மறுக்கவில்லை. போலீஸ் அதிகாரி, சாதி மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் 15-ஆவது பிரிவை அச்செடுத்து ஸ்டேஷன் பலகையில் ஒட்டுவார். தியேட்டரில் கைதட்டல் கேட்டது. எனக்கு உறுத்தியது என்னவென்றால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கடைசிவரை காணாமல்போகிறார்கள் அல்லது காத்திருக்கிறார்கள். டெல்லியில் படித்த ஒரு பெரிய வீட்டுப் பையன் வந்து வாசித்துக் காட்டவேண்டியிருக்கிறது. 'ஜெய் பீம்' மேலும் இதே குறையைச் சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் அங்கே செங்கேணி என்ற ஒருத்தி பணம் கொடுத்துச் சமரசம் பேச வந்தவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறாள். மனுதாரர் அவள்தான். வக்கீலுக்கு இந்த வித்தியாசம் பெரிசு. தலைமையாசிரியர் கேட்டால் போடுங்கள், கூடவே இந்தக் கேள்வியையும் போடுங்கள்.

சட்டக்கல்லூரி இரண்டாம் வரிசை:

படத்துக்குள் அரசியலமைப்புச் சட்டம் வருவது ஒரு வகை. படமே கோர்ட்டுக்குப் போய் அரசியலமைப்புச் சட்டத்தின் பகுதியாக ஆனது இன்னொரு வகை. அதையும் ஒரு நாள் பேசுங்கள் சார், எங்களுக்கு இது பாடம்.

இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் 'நான்கு நகரங்களின் கதை' என்று ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தார். பெரிய நகரங்களில் பணக்காரர் வாழ்வும் ஏழைகள் வாழ்வும் எப்படி இருக்கின்றன என்பதுதான் படம். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதிக் காட்சி இருக்கிறது, அதனால் யு சான்றிதழ் கிடையாது என்றது தணிக்கை. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வெட்டுக்கு எதிரான கோபத்தைத் தாண்டி, 19-ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரம் தரும்போது படத்தை முன்கூட்டியே தணிக்கை செய்ய அரசுக்கு என்ன உரிமை என்று அடிமடியிலேயே கைவைத்தார். 1970-இல் தலைமை நீதிபதி இதயத்துல்லா தீர்ப்பு எழுதினார். தணிக்கை செல்லும் என்று அப்பாஸுக்கு எதிராகத்தான் முடிந்தது. பத்திரிகைக்கு இல்லாத முன்தணிக்கை சினிமாவுக்கு மட்டும் இன்றுவரை இருப்பதற்கு அந்தத் தீர்ப்புதான் அடிப்படை.

இரண்டாவது நம் ஊர்ப் படம். 'ஒரே ஒரு கிராமத்திலே', லட்சுமி நடித்தது. பிராமணப் பெண் ஒருத்தி கருப்பாயி என்று பொய்ச் சாதிச் சான்றிதழோடு வளர்ந்து கலெக்டராகிறாள். சாதி அடிப்படை இடஒதுக்கீடு தவறு, பொருளாதார அடிப்படைதான் சரி என்று வாதாடும் படம். யு சான்றிதழ் கிடைத்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள், மெட்ராஸ் ஹைகோர்ட் சான்றிதழை ரத்து செய்தது. படத்துக்கு ஒருபக்கம் தேசிய விருது, மறுபக்கம் திரையிட முடியாது. தயாரிப்பாளர் ரங்கராஜன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். படம் வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்று தமிழ்நாடு அரசும் சொன்னது. 1989 மார்ச் 30-ஆம் தேதி தீர்ப்பு: மிரட்டல் இருக்கிறது என்பதற்காகக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தன்னால் ஆகாது என்று ஒரு அரசு சொல்லக்கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அதன் கடமை. வெடிமருந்துப் பீப்பாயில் பொறி விழுவது போல ஆபத்து நெருக்கமாகவும் நேரடியாகவும் இருந்தால்தான் தடுக்கலாம்.

நான் இடஒதுக்கீட்டில் படித்து வருகிறவன். அந்தப் படம் சொல்வது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பின்னாளில் எந்தப் படத்துக்குத் தடை கேட்டு யார் கோர்ட்டுக்குப் போனாலும், படத்துக்காக ஆஜராகும் வக்கீல் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான். எங்கள் பக்கத்துப் படங்களையும் இதே தீர்ப்புதான் காப்பாற்றுகிறது. இதை வைத்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம்: உனக்குப் பிடிக்காத படத்தை ஓட விடுவாயா?

கொட்டகைக்காரர்:

தம்பி சொன்னது அருமை. வெளிநாட்டுப் படங்கள் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அதனால் இரண்டைச் சொல்லிவிடுகிறேன்.

'டெமாக்ரட்ஸ்', டென்மார்க்கைச் சேர்ந்த கமிலா நீல்சன் 2014-இல் எடுத்த ஆவணப்படம். களம் ஜிம்பாப்வே. அப்போதைய ஜனாதிபதி முகாபேயின் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து புது அரசியலமைப்புச் சட்டம் எழுதவேண்டும் என்று ஆகிவிட்டது. ஆளுங்கட்சி சார்பில் பால் மங்வானா, எதிர்க்கட்சி சார்பில் டக்ளஸ் முவோன்சோரா. இரண்டு பேரும் வக்கீல்கள். கேமரா வருடக்கணக்கில் இவர்கள் பின்னாலேயே போகிறது. ஊர் ஊராக மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கிறார்கள். வந்திருக்கும் கூட்டத்தில் பலரும் சொல்லிக் கொடுத்ததையே ஒப்பிக்கிறார்கள். எங்கிருந்தோ பஸ்ஸில் ஏற்றிவந்து இறக்கிய ஆட்களும் உண்டு. நம் கிராமசபைக் கூட்டம் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நடுவில் முவோன்சோராவைப் பிடித்து உள்ளே போடுகிறார்கள். பிறகு வரைவில் ஜனாதிபதி பதவிக்காலத்தைப் பற்றிய ஒரு வரியால் முகாபே மறுபடி நிற்க முடியாமல் போகலாம் என்று பேச்சுக் கிளம்ப, சிரித்துக்கொண்டே திரிந்த மங்வானாவுக்குச் சொந்தக் கட்சியிலேயே உயிர்ப்பயம் வருகிறது. அவர் முகம் மாறுவதைப் பார்க்கவேண்டும். 2013 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்து அந்தச் சட்டம் நிறைவேறியது. படத்தை ஜிம்பாப்வேயில் தடை செய்தார்கள், அப்புறம் கோர்ட்டில்தான் தடை நீங்கியது. சட்டம் எழுதும் அறையை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய வேறு படம் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று ஜப்பானில் எடுத்த ஆவணப்படம், பெயாத்தே சிரோட்டா என்ற பெண்ணைப் பற்றியது. போரில் தோற்ற ஜப்பானுக்கு அமெரிக்கப் படை 1946 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் அரசியலமைப்புச் சட்ட வரைவு எழுதியது. அந்தக் குழுவில் இந்தப் பெண்ணுக்கு வயது 22. ஜப்பானில் வளர்ந்தவள், அங்கே மனைவிக்கு எந்த உரிமையும் இல்லை என்று கண்ணால் பார்த்தவள். பெண்கள் உரிமையை நீ எழுது என்று சொன்னதும் ஜீப்பை எடுத்துக்கொண்டு, குண்டு விழுந்த டோக்கியோவில் மிச்சம் நின்ற நூலகங்களுக்கு ஓடி, மற்ற நாட்டுச் சட்டப் புத்தகங்களை அள்ளிவந்து எழுதினாள். கல்யாணம் இருவர் சம்மதத்தின் பேரில்தான், கணவன் மனைவி சம உரிமை என்னும் 24-ஆவது பிரிவு அப்படி வந்தது. நூலகத்தில் படம் போடுகிறீர்கள், இந்தக் கதையைச் சொல்லாமல் விடலாமா? படம் கிடைப்பது கஷ்டம். கதையை வாயாலேயே சொல்லுங்கள்.

எட்டயபுரத்துக்காரன்:

சரி, இப்படி யோசித்திருக்கிறேன். முதல் சனி 'மண்டேலா'. இரண்டாவது 'ஜெய் பீம்', ராஜன் வழக்கு வரும் இடத்தில் நிறுத்திப் பேச்சு. மூன்றாவது 'பிறவி', பெரியவர்களுக்கும் பிளஸ் டூவுக்கும். அதே வாரம் சின்னப் பிள்ளைகளுக்குப் பெயாத்தே கதை. நான்காவது 'சம்விதான்' மொழிப் பகுதி, அதோடு சட்டக்கல்லூரித் தம்பியின் பட்டிமன்றம். அவரே வந்து நடத்தினால் இன்னும் நல்லது. 'விசாரணை'யைத் தள்ளி வைத்திருக்கிறேன், அம்மாக்கள் என்னைத்தான் அடிப்பார்கள். ஒரு சந்தேகம்: 'ஜெய் பீம்' என் பிரைம் கணக்கிலிருந்தே போடலாமா?

கறுப்பு அங்கி:

சொந்தக் கணக்கு வீட்டில் பார்ப்பதற்குத்தான் சார். பொது இடத்தில் போடுவதற்கு உரிமை வைத்திருப்பவர்களிடம் அனுமதி வாங்குங்கள். காசு வாங்காத நூலகத் திரையிடல், மாணவர்களுக்காக என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கேளுங்கள். 'சம்விதான்' யூடியூபில் பொதுவில் இருந்தாலும், அதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அரசியலமைப்புச் சட்டத்துக்காகப் படம் போட்டு காப்பிரைட்டில் மாட்டிக்கொண்டால் எனக்குக் கேஸ் கிடைக்கும், உங்களுக்கு ஆகாது.

நான்காவது சனிக்கிழமை படத்துக்கு முன்னால் ஒரு ஓட்டெடுப்பு வையுங்கள். 1949 அக்டோபர் 17-ஆம் தேதி, முகவுரையைக் 'கடவுளின் பெயரால்' என்று தொடங்கவேண்டும் என அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். சபையில் பக்திமான்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இதை ஓட்டுக்கு விடாதீர்கள், கடவுளை ஓட்டில் தோற்கடித்த பாவம் நமக்கு வேண்டாம் என்கிற மாதிரி சில பேர் கெஞ்சினார்கள். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் விழுந்தது. உங்கள் பிள்ளைகளிடம் முடிவைச் சொல்லாமல் இரண்டு பக்கமும் பேசவைத்துக் கையைத் தூக்கச் சொல்லுங்கள், அப்புறம் நிஜக் கணக்கைச் சொல்லுங்கள். தினமும் மனப்பாடமாகச் சொல்லும் முகவுரையின் முதல் வரிக்கே சண்டை நடந்திருக்கிறது என்று தெரிந்தால் 'இறையாண்மை' வருமிடத்தில் யாரும் வாயை மட்டும் அசைக்கமாட்டார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை நான் வருகிறேன். ரிமாண்ட் காட்சியைப் பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டுகிறேன், ஏட்டய்யாவாக நிற்க மீசை வைத்த ஒரு ஆளைப் பிடித்து வையுங்கள். கோவில்பட்டியில் இறங்கி வரவேண்டும். ராத்திரி திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.